ஐம்பது எம்.எம். யாருக்கு?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் மீசையால்.

இதுவரை இருபத்து மூன்று தொடர்கதைகள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் பிணம் உண்டு. போன மாதம் வார இதழின் ஆசிரியர் போன் செய்தார். "ஒரே வாரத்தில் முடிகிற மாதிரி ஒரு கதை கொடுங்கள். கூடவே புதுப் போட்டோ. பழைய போட்டோவில் மீசை கன்னங்கரேலென்று இருக்கிறது. வாசகர்கள் உங்கள் மகன் என்று நினைக்கிறார்கள்."

ராஜபாளையத்தில் என் பள்ளித் தோழன் வேல்பாண்டி ஸ்டுடியோ வைத்திருக்கிறான். போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து, தாடையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கும் அவன் மனைவி மாரீஸ்வரிக்கும் சண்டை வெடித்தது.

"ஏட்டி, கைய எடு. அது என் லென்ஸு."

"எனக்கு அந்த வெள்ளிக்கெழம கல்யாணத்துக்கு அதுதான் வேணும்."

"வேணும்னா? பதினோரு வருசமா அது என் கண்ணு. கண்ண யாராச்சும் எரவல் குடுப்பானா?"

மூச்சை விட்டேன். கதை கிடைத்துவிட்டது. (போட்டோ கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது பழைய மீசைதான்.)

2

முதல் தொடக்கம்:

மண்டபத்தில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மணமேடையில் ஒரு சடலம். வேல்பாண்டியின் ஐம்பது எம்.எம். லென்ஸின் மேல் ஒரு துளி ரத்தம். அவன் வேட்டி நுனியால் அதை மெல்லத் துடைத்த—

எதை எழுதினாலும் வேல்பாண்டியிடம் காட்டிவிட்டு அனுப்புவது என் வழக்கம். படித்ததும் அவன் முகம் சிவந்தது.

"யாருலே இவன், வேட்டிய வச்சு லென்ஸத் தொடைக்கான்? கண்ணாடி மேல் பூச்சு என்னத்துக்கு ஆவும்?"

"கொலை நடந்திருக்குலே."

"கொலய போலீஸ் பாத்துக்கிடும். லென்ஸ யாரு பாப்பா?"

எழுதியதை அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்:

ரத வீதி மண்டபத்தின் மாடியிலிருந்து, இருநூறு எம்.எம். ஜூமில், கொலைகாரனின் முகம் தெளிவாக—

"தெரியாது. அந்த மாடியில தூணு மறைக்கும். நான் நின்னு பாத்துருக்கேன்."

பிணம் இல்லாத என் முதல் கதை இப்படித்தான் தொடங்கியது.

3

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குழம்பவிட்டால் நீங்கள் பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள்.

கடையில் கேமரா இரண்டு, புருஷனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று; கல்யாணங்களுக்குச் சேர்ந்தே போவார்கள். நல்ல லென்ஸும் இரண்டுதான்.* ஒன்று எழுபது–இருநூறு ஜூம். முழங்கை நீளம். நாற்பதடி தள்ளி நின்றாலும் மணப்பெண்ணின் மூக்குத்தியைப் பக்கத்தில் இழுத்துவிடும். இன்னொன்று ஐம்பது. உள்ளங்கையில் அடங்கும். முன்னே பின்னே போகாது, நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மண்டபம், அது வேல்பாண்டிக்கு. சேத்தூரில் பெண் வீட்டிலேயே கல்யாணம். மணப்பெண் சத்யப்பிரியா நேரில் வந்து, "அக்கா, நீங்க மட்டும் வாங்க. அண்ணன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை வருடத்தில் மாரீஸ்வரி பேருக்கு வந்த முதல் கல்யாணம்.

வேல்பாண்டியின் தீர்ப்பு: ஐம்பது எனக்கு, ஜூம் உனக்கு.

"அந்தப் பொண்ணு சோடிக்கிற ரூமு எட்டடி அண்ணாச்சி" என்றாள் மாரீஸ்வரி என்னிடம். "ஜூம வச்சு நின்னா செவுத்துல முதுகு முட்டும். பொண்ணோட ஒரு காது மட்டும்தான் படத்துல விழும்."

இன்னொரு ஐம்பது வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன்.

"வாங்கலாம். அது என் கைக்குப் பழகணும்ல? இது இருட்டுல போகஸ் பிடிக்காமச் செத்த தடுமாறும். வளையத்த ஒரு நூலு எடப்பக்கம் தள்ளிவிட்டா பிடிச்சுக்கிடும். மொத மொதலா தனியாப் போறேன். தெரியாத லென்ஸத் தூக்கிட்டா போவ முடியும்?"

வேல்பாண்டி உள்ளேயிருந்து கத்தினான். "அது இருட்டுல தடுமாறவே தடுமாறாது! பதினோரு வருசத்துல நான் பாத்ததே இல்ல!"

இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். நான் அப்போது வைக்கவில்லை.

(* மூன்றாவதாக ஒன்று இருந்தது. மலையடிவார ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. அதில் எடுத்தால் எல்லாக் கல்யாணமும் மார்கழியில் நடந்த மாதிரி இருக்கும்.)

4

"நீ துப்பறியிற கத எழுதுறவம்ல. கணக்கெடுத்துச் சொல்லு. இது யாரு லென்ஸுன்னு ஊருக்கே தெரியட்டும்" என்று என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தான் வேல்பாண்டி.

பதினோரு வருடக் கல்யாணங்கள். வீட்டுக்காரர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்ததென்று கல்யாணத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் இருநூற்றெட்டு. எந்தப் படம் எந்த லென்ஸில் எடுத்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். யார் எடுத்தது என்று குறிக்காது.

ஜூம்: ஐம்பத்தொன்பது. ஐம்பது: நூற்று நாற்பத்தொன்பது.

"பாத்தியாலே!" வேல்பாண்டி என் முதுகில் அறைந்தான். "மூணு பங்குல ரெண்டு பங்குக்கு மேல! கைப்பழக்கம்னா இது!"

நான் ஐம்பதில் எடுத்த படங்களைத் திறந்தேன். வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு மணப்பெண்ணுக்குக் கொசுவம் மடிக்கும் அத்தை. பாதி முடி பின்னி, பாதி அவிழ்ந்து, மருதாணிக் கையை விரித்தபடி யாரோ ஊட்டும் இட்லியை வாயில் வாங்கிக்கொள்ளும் பெண். உள்பாவாடையோடு ஓடும் நாத்தனாரைப் பார்த்துக் குலுங்கும் எட்டுப் பெண்கள். எல்லாம் கதவு சாத்திய அறைகள். எங்கள் பக்கத்தில் அந்தக் கதவைத் தாய்மாமன்கூடத் தட்டிவிட்டு வெளியே நின்றுதான் பேசுவான்.

ஆண் வாடை படாத அறைக்குள் வேல்பாண்டி எப்படிப் போனான்?

அடுத்து, அதே ஐம்பதில் எடுத்த மேடைப் படங்கள். நடுவில் தாலி. இடது ஓரத்தில் ஒரு கண்ணை மூடி, ஜூமைத் தூக்கிப் பிடித்தபடி, வியர்வையோடு ஓர் ஆள். அந்த ஆள் வேல்பாண்டி.

தன் படத்தைத் தானே எடுத்திருக்கிறான்! இருபத்து மூன்று தொடர்களில் இவ்வளவு பச்சையான தடயத்தை நான் வைத்ததில்லை. வைத்திருந்தால் ஆசிரியர் திருப்பியனுப்பியிருப்பார்.

குற்றவாளி திரையை உற்றுப் பார்த்தான்.

"இதுல நான் நல்லாருக்கேம்ல? அதான் ஐம்பது. மொகம் கோணாது."

5

இங்கே ஒரு துரத்தல் காட்சி இருந்தது. சேத்தூர் சாலை, இரண்டு பைக், ஒரு கரும்பு லாரி. நன்றாகத்தான் வந்திருந்தது. கதைக்குச் சம்பந்தமில்லை என்று எடுத்துவிட்டேன். மனசு இன்னும் ஆறவில்லை.

6

வேல்பாண்டி டீ சொல்லப் போனான். முன்னறையில் மாரீஸ்வரி பாஸ்போர்ட் போட்டோக்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியளா அண்ணாச்சி?" தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் எடுத்தது எனக்குத் தெரியாதா? அவிய மேடையில நிக்கையில சின்னது எங்கிட்டதான இருக்கும். அது இருட்டுல தடுமாறுறத அவிய எங்க பாக்க?"

"ஏன் சொல்லல?"

கத்தரி நின்றது. "சொன்னா லென்ஸக் குடுத்துருவாவ. அன்னைக்கே கேமராவயும் குடுத்துட்டு, கடையில பில்லு போட உக்காந்துருவாவ. எனக்கு லென்ஸு வேணும். அவிய உக்காரக் கூடாது."

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. இத்தனை வருடம் சும்மா இருப்பாளா ஒருத்தி? வாசகர் நம்புவாரா? வேறு பெண்ணாக்கிப் பார்த்தேன். அந்த வேறு பெண் இரண்டாம் பத்தியிலேயே லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.)

"இதை எழுதட்டுமா?" என்றேன்.

வெட்டிய போட்டோக்களை உறையில் போட்டாள். "எழுதுங்க. ஆனா ஒண்ணு சேத்து எழுதணும். ஓரத்துல அவிய நிக்கது தப்பா விழுந்த படமில்ல. வெட்டியிருக்கலாம், நான் வெட்டல. வேல பாக்கையில அவிய நல்லாருப்பாவ."

எழுதிவிட்டேன்.

7

முடிவுகள்.

அ. வேல்பாண்டி மனம் மாறி, கண்ணீரோடு லென்ஸை— (கண்ணீரா? அவனா?)

ஆ. இருவரும் கல்யாணத்தை மாற்றிக்கொள்கிறார்கள். வேல்பாண்டி சேத்தூரில் அந்த அறைக்கு வெளியே, உள்ளங்கையில் ஐம்பதோடு, மூன்று மணி நேரம் கதவைப் படமெடுக்கிறான். (சிரிப்பு வரும். மாரீஸ்வரி பேருக்கு வந்த கல்யாணம் போய்விடும்.)

இ. வெள்ளிக்கிழமை காலை லென்ஸைக் காணவில்லை. தொடரும்— (பழக்க தோஷம்.)

மூன்றும் வேண்டாம். இந்தக் கதையை மட்டும் நான் வேல்பாண்டியிடம் காட்டவில்லை. புதன்கிழமை இதழ் பெட்டிக்கடைக்கு வரும். கயிற்றில் தொங்கும்போதே உருவி, நின்றபடியே படித்துவிடுவான். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி வருவது ஒரே ஒரு வாசகருக்கு.

8

வேல்பாண்டி, அந்த ஐம்பத்தொன்பது ஜூம் படங்களையும் பார்த்தேன்லே. சுந்தரபாண்டியம் கல்யாணத்தில் பந்தல் கால் மறைவில் நின்று, யாருக்கும் தெரியாமல் துண்டால் கண்ணைத் துடைக்கிற பெண்ணோட அப்பா. நாற்பதடிக்கு அப்பாலிருந்து அதை நீ பார்த்திருக்கிறாய். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கவில்லை. அந்தப் படத்தை ஐம்பதில் எடுக்க முடியாது. கிட்டே போனால் அந்த மனுஷன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்திருப்பார். உன் கண் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று புதன். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அவள் சேத்தூருக்குக் கொண்டுபோகிற பை மேசைமேல் திறந்து கிடக்கும். உள்ளே கேமரா, பேட்டரி, ஒரு பொட்டலம் ஊக்கு. லென்ஸுக்கான குழி மட்டும் காலி. அதில் எது போக வேண்டும் என்று நான் எழுத மாட்டேன்.

எதை வைத்தாலும், அவள் பார்க்கும்போது வை.