கட்டில் கம்பியில் ஒரு சிவப்புத் துணி

…காயப்போட்ட துணி என்றுதானே நினைத்தாள், மழைக்காலத்தில் எந்தக் கட்டில் கம்பியில்தான் துணி தொங்கவில்லை, இடுப்பில் சுற்றுகிற சித்தெஞ்சே, குழந்தையின் சட்டை, யாரோ ஒருத்தியின் உள்பாவாடை, இத்தனைக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கிழிசலை மட்டும் எப்படி… ஆனால் அந்தச் சிவப்பைத் தன் கையால் கத்தரித்து நர்ஸுகளுக்குக் கொடுத்ததே சிஸ்டர் எஸ்னாத், இந்தப் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். நடுக்கம், மூச்சிரைப்பு, உளறல், எதைப் பார்த்தாலும் துணியைக் கட்டு, கத்திக் கூப்பிடு, டாக்டர் வரட்டும் என்று நிற்காதே, ஒருத்தி சலைன், ஒருத்தி ரத்தம், ஒருத்தி ஆன்டிபயாடிக், செப்சிஸ், ரத்தத்தில் ஏறுகிற கிருமி, யாருக்காகவும் காத்திருக்காது என்று கூட்டம் போட்டு முழங்கியவள். அவளே அந்தத் துணியைத் தாண்டி டீ குடிக்கப் போனாள். சர்க்கரை வேறு கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். சின்ன நர்ஸ் சியோனே மட்டும் வந்து கையைப் பிடித்து இழுக்காவிட்டால் இன்னொரு கோப்பையும் உள்ளே போயிருக்கும்.

இப்போது தியாமிகேயின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள், கூடையைக் கவிழ்த்து மூடிய கோழி மாதிரி நாடி படபடக்கிறது, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையெடுத்த பெண், முந்தாநாள்தான் சிரித்துக்கொண்டே பிள்ளைக்குப் பெயர் தேடினாள், இப்போது கண் எங்கேயோ போகிறது. சலைன் ஓடுகிறது, ரத்தம் எடுத்தாயிற்று, மருந்தும் போயாயிற்று, மூன்று பேரும் அவள் சொன்னது சொன்னபடி செய்தார்கள், ஆனால் அந்த டீ நேரம்? அதை எந்த ஊசியில் ஏற்றுவது? ஆண்டவரே, இவளை விட்டுவிடும், இனிமேல் கோயில் பாட்டுக்குழுவில் யாருடைய குரலையும் கேலி பண்ண மாட்டேன்… சரி, பண்ணினாலும் மெதுவாகப் பண்ணுகிறேன்…

"சிஸ்டரம்மா," என்கிறாள் தியாமிகேயின் தாய், பேரப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கொண்டுவந்த ன்சிமாக் களி காலடியில் ஆறிக்கிடக்கிறது, "எப்பவும் ஏதாச்சும் வேடிக்கையாப் பேசுவீங்களே… இன்னிக்கு ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?"

ரத்த அழுத்தக் கருவியைச் சியோனே மறுபடி சுற்றுகிறாள். துணியைக் கட்டியவள் இவள்தான், கட்டிவிட்டுக் கத்தாமல், டீ அறைக்கு ஓடிவரும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

"ஏம்மா, ஏன் கத்தல?" என்கிறாள் எஸ்னாத்.

"கத்தலாம்னுதான் சிஸ்டர்… இன்னொரு தடவை அளந்து பாத்துட்டுக் கத்தலாம்னு…"

இன்னொரு தடவையா, எதற்கு… ஓ. போன வாரம். பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கினவளைப் பார்த்து இவள் போட்ட கூச்சல், வார்டே ஓடிவந்தது, எஸ்னாத்தான் முதலில் ஆரம்பித்தாள், "வந்துட்டாம்மா நம்ம தீயணைப்பு வண்டி!" வார்டே சிரித்தது, இவளும்தான் சிரித்தாள், அன்றிலிருந்து கூட்டுகிறவள்கூட வண்டி வண்டி என்றுதான்… சும்மா, பாசத்தில் சொன்னதுதானே, இவர்கள் எல்லோருக்கும் தன்னைப் பிடிக்கும், தான் வாயைத் திறந்தால் சிரிக்காத ஆள் உண்டா இந்த வார்டில்?

கருவி உப்புகிறது, இறுக்குகிறது, எண் இன்னும் வரவில்லை. தாங்க முடியவில்லை, ஏதாவது சொல்லியாக வேண்டும், எஸ்னாத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சியோனே பக்கம் திரும்புகிறாள். இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை, அதற்குள் அந்தப் பெண்ணின் முகம், கண்ணில் பயம் அப்படியே இருக்க, சிரிக்கத் தயாராகிறது.