ஒரு சாண் உயரம்

மழை விமானத்தின் முதுகில் பெய்துகொண்டிருந்தது. முதுகில் விழுந்து, இறக்கைகளில் வழிந்து, அசையாத விசிறிகளின் நுனியில் சொட்டுச் சொட்டாய்த் தயங்கிற்று. ஐப்பசி வெளிச்சம். கழுவிக் கவிழ்த்த ஈயப் பாத்திரத்தின் வெளிச்சம்.

பதினோராண்டுகளாக அது பறக்கவில்லை. எல்லைப்புறத்துக்கு அரிசியும் ஆட்களும் சுமந்த வயிறு. இப்போது வெறும் வயிறு.

இருதயநாதன் மெல்ல ஏறினார். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த வயிற்றுக்குள் பாரம் ஏற்றியவர். நடுவானில் பின்கதவைத் திறந்து வீரர்களை ஒருவர்பின் ஒருவராகக் குதிக்கவிட்டவர். முழங்கால் வலித்தது. முன்பு இத்தனை படிகள் இருந்தனவா என்று ஐயுற்றார்.

உள்ளே எங்கும் நீலம். தரையிலும் புதுவண்ணம். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகின் அடியில் ஒரு சிவப்புக் கோடு மறைந்து போயிருந்தது.

அக்கோட்டுக்குப் பின்னே ஒரே சமயத்தில் எண்மருக்குமேல் நிற்கலாகாது. வால் கனத்தால் மூக்கு நிமிரும். மூக்கு நிமிர்ந்தால் வேகம் சாகும். வேகம் செத்த விமானம் வெறும் கல். வண்ணம் பூசியவர்களுக்கு அது பழைய அழுக்காகத் தெரிந்திருக்கும்.

"கோட்ட அழிச்சிட்டாங்களேம்மா," என்றார்.

நப்பின்னை அதைக் காதில் வாங்கவில்லை. விமானத்தை வாங்கியவள் அவள். வானிலிருந்து குதிப்பதையே வாழ்வாகக் கொண்டவள். தை மாதத்தில் இருபத்துநால்வர் ஒன்றாய்க் குதித்து, கைகோத்து, ஆகாயத்தில் ஒரு பூவாய் விரியவேண்டும். அதற்கு, இவ்விமானத்தின் பாரக்கணக்கு அறிந்த இவருடைய கையெழுத்து வேண்டும்.

"எல்லாரும் வாலுல சேர்ந்து நின்னு குதிக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். இல்லன்னா திங்கக்கிழம பழைய இரும்புக்கு உடைக்கிறவங்க வந்துருவாங்க."

"எட்டு எட்டாக் குதிச்சா?"

"எட்டுப் பேருக்குச் சின்ன பிளேனே போதுமே சார். இவ்ளோ பெரிய யானைய எதுக்குக் கட்டித் தீனி போடணும்?"

ஒரு வரி. எழுதினால் எஞ்சின் மறுபடி உறுமும். எழுதாவிட்டால் வெட்டுக்கத்தி.

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார். கூடாது என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. விமானமே சொல்லட்டும் என்று எண்ணினார்.

ஓடுபாதைக்குத் தார் போட வந்தவர்கள் மழைக்கு இறக்கையின்கீழ் ஒதுங்கி நின்றனர். இருபத்துநான்கு பேரை எண்ணி அழைத்தார்.

"எந்த ஊருக்குய்யா கூட்டிட்டுப் போறீக? சோத்துச் சட்டிய எடுத்துக்கிடவா?" என்றாள் அவர்களில் ஒருத்தி, அங்காளேஸ்வரி. "டிக்கெட்டு நீங்கதான் எடுக்கணும், சொல்லிட்டேன்!"

சிரிப்பு. ஈரச் சேலைகளின் வாடை. தார் வாடை.

பின்கதவை மூடினார். வாலின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு முட்டுக்கட்டையை நிறுத்தினார். வால் தாழ்ந்தால் அதன்மேல் அமரும். நப்பின்னையை வெளியே, முன்சக்கரத்தருகே நிற்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வாலை நோக்கி நடக்கவிட்டார்.

எட்டுப் பேர். ஒன்றும் நிகழவில்லை. பன்னிரண்டு பேர். எங்கோ ஓர் இரும்பு முனகிற்று. பதினேழாவதாக அங்காளேஸ்வரி காலை எடுத்து வைத்தாள்.

தரை மெல்ல நழுவிற்று.

"ஆத்தீ! கெளம்பிருச்சுடி!"

வெளியே, மழையில், முன்சக்கரம் பூமியை விட்டிருந்தது. சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். பதினோராண்டுகளுக்குப் பின், எஞ்சின் இல்லாமல், ஒரு சாண்.

நப்பின்னை குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மேலே வந்தபோது அவள் தலையிலிருந்து நீர் சொட்டிற்று. இன்னும் எழுதப்படாத தாளை அவர் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள்.

"பதினேழுக்கேவா சார்?"

"ஆமாம்மா."

"இது எங்களக் கொன்னுருக்கும்."

"இது கொல்லாதும்மா. நாமதான் கொல்ல வச்சிருப்போம்."

அவள் நீலச் சுவரை ஒருமுறை தடவினாள். "எல்லாரையும் எறக்கிருங்க சார்," என்றாள்.

ஒருவர்பின் ஒருவராக அவரைக் கடந்து முன்வாசலுக்குப் போயினர். ஒவ்வொருவர் கடந்தபோதும் பழக்கத்தால் மெல்லச் சொன்னார்: போ. போ. போ.

ஆட்கள் குறையக் குறைய மூக்கு தாழ்ந்தது. அவர் மட்டும் வாலிலேயே நின்றார். இன்னும் ஓரடி பின்னே நகர்ந்து, சுவரோடு ஒட்டி நின்றார்.

ஒருவர் பாரம் போதவில்லை. முன்சக்கரம் ஓசையின்றி ஈரத்தில் அமர்ந்தது.