கியர் கேட்ட ஊர்

அந்த ஏழாவது கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் தமிழ்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘தாங்கள் சக்கர மைய நேரடி இயக்கியை விரும்புவீரா, அல்லது பல்லிணைப் பெட்டி வழி இயக்கியை விரும்புவீரா?’ சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு எவனோ அகராதியைப் புரட்டி எழுதிய தமிழ். எழுதியவனுக்கென்ன, எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பான். ஓமந்தூர் வெயிலில் நின்று அதைக் கேட்க வேண்டியவன் தமிழ்மணி அல்லவா?

விஷயம் இதுதான். புனேயில் ஒரு கம்பெனி கரண்டில் ஓடும் ஸ்கூட்டர் செய்யப்போகிறது. அதுவரை வந்த கரண்டு வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். கியரும் இல்லை, செயினும் இல்லை, திருகினால் ஓடும். இந்தக் கம்பெனிக்கு வேறு யோசனை: மோட்டாரைத் தனியாக வைத்து, மூன்று கியர் போட்ட பெட்டி ஒன்றின் வழியாகச் சக்கரத்தை இழுத்தால் என்ன? கிராமத்துச் சந்தையில் இரண்டில் எது விற்கும்? இதைக் கேட்டுச் சொல்லச் சென்னை ஏஜென்சி ஒன்று ஆள் பிடித்தது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக்குத் தமிழ்மணி. இருநூறு பாரம், பத்து நாள் கெடு.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு பிப்ரவரி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்டு கிடையாது. அந்த நேரத்தில் கழுத்தில் அட்டையும் கையில் பாரமுமாக ஒருவன் போய் ‘கரண்டு வண்டி’ என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும்?

“வா சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றாள் ஓமந்தூரில் கேப்பை காயவைத்துக்கொண்டிருந்த சின்னபொண்ணு. “எங்க மோட்டாருக்கு எப்ப கரண்டு வுடுவீங்க? பயிரு காயுது.”

“நான் ஈ.பி. இல்லம்மா. வண்டி கம்பெனி.”

“கரண்டு வண்டின்னு இப்பதான சொன்ன?”

“வண்டிம்மா. கரண்டுல ஓடற வண்டி. அதுல கியரு வேணுமா, வேணாமா?”

“கரண்டு வேணும் சார். எழுதிக்க.”

எழுதிக்கொண்டான். வேறென்ன செய்வது? மூன்று நாள் அலைந்தான். இருபத்திமூன்று பேர் பெயர் சொன்னார்கள், வயது சொன்னார்கள், ஏழாவது கேள்விக்கு வந்ததும் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் மனுவே எழுதிக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கமாட்டேன் என்றதற்கு, “வாங்காம போனா வண்டிய வுடமாட்டேன்” என்று அவனுடைய மொபெட்டின் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

கேள்விக்குப் பதில் சொன்னது அவர்களில் ஒரே ஒரு ஆள், அனந்தபுரம் சந்தைக்கு டிராக்டரில் வேர்க்கடலை ஏற்றிவரும் மாயவன். “கியரு இல்லாத வண்டி இன்னா வண்டி சார்? ரெண்டு மூட்ட மல்லாட்டைய போட்டுக்கினு மேடு ஏறினா கியர மாத்தித்தான் இழுக்கணும். திருகினா ஓடறது கொழந்தைங்க வெளயாடறது.” தமிழ்மணிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

பிரம்மதேசத்தில் அவனும் அக்கா பவானியும் மட்டும்தான் ஒரே வீட்டில். பரணில் போன வருஷத்துத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் கிடந்தது. பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தபோது வாங்கிய நகல். பெயர், வயது, ஆணா பெண்ணா, எல்லாம் வரிசையாக அச்சடித்திருந்தது. பாரத்துக்கும் அதுதானே வேண்டும்! ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு நூற்றெழுபத்தேழு பாரத்தையும் இரண்டே நாளில் எழுதி முடித்தான். மாயவன் சொன்னதை, கரண்டு கேட்டவர்கள் உட்பட, எல்லார் வாயிலும் போட்டான். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் வருமே என்று ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் கியர் வேண்டாம் என்றான். ராத்திரியில் வருகிற கரண்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்வோம் என்று நிறையப் பேர் சொன்னதாகவும் எழுதினான். கடைசிக் கேள்வி: ‘எங்கள் வண்டிக்கு முகவராக விருப்பமா?’ அத்தனையிலும் இல்லை என்று போட்டால் நன்றாயிருக்காது, ஒன்றிலாவது ஆமாம் வேண்டும். ஊரான் பெயரில் போட்டு யாராவது தேடி வந்துவிட்டால் வம்பு. அதனால் பத்திரமாக அக்கா பெயரில் போட்டான்.

அவ்வளவுதான் அவன் செய்தது. எண்ணிப் பார்த்தால் அரை நொடி வேலை, ஒரு டிக்.

ஆகஸ்டில் கம்பெனியிலிருந்து பவானிக்குக் கடிதம் வந்தது. பின்னாலேயே ஏரியா மேனேஜர் பிரேம்குமார் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். இந்தப் பக்கம் எடுத்த சர்வேயில் நூற்றுக்கு எண்பது புள்ளி ஐந்து பேர் கியர் கேட்டிருக்கிறார்களாம். கம்பெனி கியர் வண்டியே செய்துவிட்டதாம். முகவராக விருப்பம் தெரிவித்திருந்த பவானி மேடத்துக்கு, டெபாசிட் கட்டினால், திண்டிவனத்தில் ஷோரூம் தரலாமாம். எண்பது என்றிருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பார்கள். புள்ளி வைத்த எண்ணை எவன் சந்தேகப்படுவான்?

பவானி அந்தக் கடிதத்தை நாலு தரம் படித்தாள். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் மூன்றே வருஷத்தில் முறிந்து, அப்பா எழுதிவைத்த ஒன்றரை ஏக்கரில் பன்னிரண்டு வருஷமாக மல்லாட்டை போட்டுக்கொண்டிருப்பவள். களை பிடுங்குவதும் தண்ணீர் கட்டுவதும் மூட்டை தூக்குவதும் அவளே. அன்று ராத்திரி தமிழ்மணி தட்டில் இரண்டு முட்டை விழுந்தது. அவன் இரண்டையும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

“டெபாசிட்டுக்கு இன்னா பண்ணுவ?” என்றான்.

“நெலத்த குடுத்துடறேன். பக்கத்துல ராஜசேகரு பிளாட்டு போடறாரே, அவரு ரெண்டு வருசமா கேட்டுக்கினுதான இருக்காரு.”

இருக்கிற ஒரே நிலம். போனால் அவள் நடுத்தெருவில் நிற்பாள், அதுவும் அவன் போட்ட டிக்கினால். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நாமெல்லாம் அடுத்தவன் விஷயத்தில் ரொம்ப யோக்கியர்கள். தமிழ்மணி உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தான்.

“கரண்டே இல்லாத ஊர்ல கரண்டு வண்டிய எவன்கா வாங்குவான்?”

“ராத்திரி வர்ற கரண்டு போதும்னு ஜனங்களே சொல்லிக்கிறாங்களே. நீதான எழுதிக்கினு வந்த?”

“கியர் பெட்டின்னா பேஜாருக்கா. ஆயில் மாத்தணும், பல்லு தேயும், ரிப்பேருக்கு இங்க ஆள் கெடையாது. சக்கரத்துக்குள்ள மோட்டாரு இருந்தா இந்த ரோதனையே இல்ல.”

“எண்பது பேரு கியரு கேட்டா கியர்தான விக்கணும்? உனுக்கு தெரியுமா, ஜனங்களுக்கு தெரியுமா?”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். எந்தப் பக்கம் போனாலும் அவன் எழுதியதே எதிரில் வந்து நின்றது. அவன் எழுத்தை உலகத்தில் இவ்வளவு ஊன்றிப் படித்த ஒரே ஆள் அவனுடைய அக்காதான்.

விழுப்புரம் போய் லாட்ஜில் தங்கியிருந்த பிரேம்குமாரைப் பார்த்தான். அக்காவுக்கு வியாபாரம் தெரியாது, வேறு ஆள் பாருங்கள் என்றான். பிரேம்குமார் லேப்டாப்பைத் திருப்பி வட்டப்படம் காட்டினான். வட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் பச்சை.

“எட்டு மாவட்டத்துல உங்க டேட்டாதான் சார் பெஸ்ட். ஒரு பாரத்துலகூட அடித்தல் திருத்தல் இல்ல.”

“அது… அவ்ளோ நம்பாதீங்க சார்.”

“இந்த அடக்கம்தான் சார் உங்ககிட்ட எனக்குப் புடிச்சது” என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். அதற்குமேல் அவனிடம் என்ன பேசுவது! வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தமிழ்மணி தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அக்டோபரில் பத்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் கரண்டு வெட்டு பதினாலு மணி நேரமாகியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாமல், போட்ட மல்லாட்டை பாதி காய்ந்துபோனது. பவானிக்கு அதுவும் ஒரு காரணமாகிவிட்டது. பழைய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, மூலப்பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, காலை ஒன்பதரைக்கே திண்டிவனம் பத்திர ஆபீசுக்கு வந்துவிட்டாள். தமிழ்மணி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பத்து மணிக்குக் கரண்டு போனது. போட்டோ எடுக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், எல்லாம் கம்ப்யூட்டரில். யு.பி.எஸ். அரை மணி நேரம் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்றார்கள். வராந்தாவில் இருந்த அறுபது பேரும் வியர்த்து வழிந்தபடி மின்சார வாரியத்தை வாயார வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். நிலம் வாங்க வந்த ராஜசேகர் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, தினசரியால் விசிறிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கரண்டு வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் தமிழ்மணி.

பதினொன்றே முக்கால் ஆயிற்று. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கரண்டு வந்துவிடும். அவன் அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

“அக்கா. அந்த சர்வே பொய்.”

“இன்னா பொய்?”

“யாரையும் நான் கேக்கல. இருபத்திமூணு பேருதான் நெசம். மத்ததெல்லாம் ஓட்டு லிஸ்ட்டப் பாத்து நானே எழுதனேன். கியரு வேணும்னு சொன்னது ஒரே ஒரு ஆளு.”

பவானி அவனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த முத்திரைத்தாள் விளம்பரத்தைப் பார்த்தாள்.

“என் பாரம்?”

“அதுவும் நான்தான்கா.”

“முகவரா ஆவணும்னு நான் சொன்னதா போட்டியே, அது?”

“எல்லாத்துலயும் இல்லைன்னு இருந்தா நல்லா இருக்காதேன்னு… சும்மா ஒண்ணு.”

“சும்மா ஒண்ணு” என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு, “நீ எழுதிக்கினு இருந்தப்ப நான் எங்க இருந்தேன்?” என்று கேட்டாள்.

அவன் யோசிக்க வேண்டியிருந்தது. “வாசல்ல. மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்த.”

“ஒரு கொரல் குடுத்திருந்தா திரும்பியிருப்பேனே.”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. மின்விசிறிகள் சுற்றின, வராந்தா முழுக்க ‘அப்பாடா’ என்றது, உள்ளேயிருந்து எண் கூப்பிட்டார்கள். ராஜசேகர் ஓடி வந்தார். “ஜல்தி வாம்மா, மறுபடியும் பூடும்!”

பவானி எழுந்தாள். அவள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நெலம் விக்கறதா இல்லீங்க” என்று ராஜசேகரிடம் சொன்னாள். அவர் கத்தினார். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றார், பத்திரம் எழுதிய கூலி என்றார், பொம்பளை பேச்சை நம்பி வந்தேனே என்றார். எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, எழுதின கூலியை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் படியிறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் பின்னாலேயே போனான். நிலம் பிழைத்துவிட்டது. நியாயமாக அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்து நாலு திட்டுத் திட்டியிருந்தால் இருந்திருக்கும்.

“அந்த டைகட்டிக்கு இப்பவே போன் போட்டு உண்மைய சொல்லு” என்றாள் பவானி. “நான் இல்லன்னா வேற எவளாவது நெலத்த விக்கப்போறா.”

அவன் அங்கேயே நின்று போன் போட்டுச் சொன்னான். பிரேம்குமார் முதலில் சிரித்தான். பிறகு ஆங்கிலத்தில் திட்டினான். பிறகு, கியர் பெட்டிகள் லாரி ஏறிவிட்டன, இனிமேல் இதை வெளியில் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினான். தமிழ்மணி போனை வைத்தான்.

“அக்கா, தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு உன்ன கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?”

“ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்.”

அவள் பையை இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

“பன்னெண்டு வருசமா அந்த நெலத்துல குனிஞ்சிக்கினு கெடக்கறேன்டா. ஒரு கடையில நாற்காலி போட்டு ஒக்காரணும்னு எனக்கு எத்தினி நாளா ஆச. ஒருத்தர் கிட்டயும் வாய வுட்டு சொன்னதில்ல. அந்த லெட்டர பாத்துட்டு, எம்மனசுல இருக்கறத என் தம்பி கண்டுக்கினு எழுதியிருக்கான்னு நெனச்சேன்.”

பிரம்மதேசம் பஸ் வந்தது. அவள் ஏறி, முன்னால் பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். இரண்டு டிக்கெட்டும் அவளே எடுத்தாள். தமிழ்மணி பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸில் பாதிக்கு மேல் இடம் காலியாகத்தான் இருந்தது.