தூணடியில் நிற்பவள்

கனடாவின் மிசிசாகாவில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலுக்கு உட்புறமாக இரண்டு தூண்கள். இடப்பக்கத் தூணடியில் நிலக்சி நின்றாள். பட்டுச் சேலையும் கொண்டையுமாக, காலையில் வந்த நேரம் தொடங்கி அதே இடத்தில் நின்றாள். “கதிரையில இரும் பிள்ளை, கால் உளையப் போகுது” என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. அசைந்தால் புருசனின் குட்டு வெளிப்பட்டுவிடும். அது அவர்கள் இருவரையும் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது.

புருசன் கஜீவன். இந்த ஊரில் அவனைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் வளர்ந்து, சம்பளத்துக்கு விளையாடுகிற ஃபுட்போல் ரீமுக்குள் போன பொடியன். காலால் உதைக்கிற ஃபுட்போல் இல்லை. ஹெல்மெற்றும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, கூர்மூக்குப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற விளையாட்டு. அதில் அவன் குவாட்டர்பக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எருமை மாதிரி நாலு பேர் மேலே வந்து விழுவதற்குள், யாருக்கு எறிவது என்று அவன் தீர்மானித்துவிட வேண்டும். இதை நம்முடைய பெரியவர்களுக்கு விளங்கப்படுத்தி அவனுக்கு வாய் உளைந்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அப்ப தம்பி, எத்தினை கோல் அடிச்சனீர்?” என்பார்கள்.

உள்ளதைச் சொன்னால், அவன் விளையாடியதைவிடக் கோட்டோரம் நின்றதுதான் அதிகம். மேற்கே குளிரில் உறைந்து கிடக்கிற ஒரு நகரத்து ரீமில் அவன் இரண்டாவது ஆள். உள்ளே நிற்கிற முதல் குவாட்டர்பக்குக்கு அடுத்து என்ன செய்வதென்று ஓரத்தில் நின்று கையால் காட்டுவதுதான் அவனுடைய வேலை. தொப்பியைத் தொடுவான், மூக்கைச் சொறிவான், முழங்கையைத் தட்டுவான். எதிராளி பார்த்துப் பிடித்துவிடக் கூடாது என்று நாலு பொய்ச் சைகைக்கு நடுவில் ஒரு மெய்ச் சைகை வைப்பான். அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன்.

ஒரேயொரு பெரிய ஆட்டத்தில் முதல் ஆளின் முழங்கால் போய்விட, இவனை உள்ளே விட்டார்கள். வந்ததும் வராததுமாக ஒருவன் இடித்த இடியில் பிடரி அடிபட விழுந்தான். எழும்பினான், “ஓகே” என்றான், கடைசி நேரத்தில் நெடுந்தூரம் ஓர் எறி எறிந்து வெல்லவும் வைத்தான். தமிழ் ரேடியோக்கள் தொண்டை கிழியக் கத்தின. சங்கங்கள் ஓடிவந்து பொன்னாடை போர்த்தின. அந்த ஆட்டத்தில் ஒரு துளிகூட அவனுக்கு ஞாபகம் இல்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாடமாக்கித்தான் கேட்கிறவர்களுக்குக் கதை சொல்கிறான். பிறகும் தலையில் அடிகள் விழுந்தன. விழ விழ “ஓகே” என்றான். சக்கை பிழிந்து முடிந்ததும் ரீம்காரர் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாசமாய்ப் போக, அவர்களுக்கென்ன?

நாற்பது வயது ஆகவில்லை. முதலில் வீட்டுக் கதவின் திறப்பை வைத்த இடத்தை மறந்தான். பிறகு வீட்டுக்கு வரும் பாதையை மறந்தான். பிறகு ஆட்களை மறக்கத் தொடங்கினான். பெரிய டொக்டர் மறைக்காமல் சொன்னார்: தலை அடிகளால் வந்தது, மாறாது, கூடும். காருக்குள் வந்து ஏறியதும் கஜீவன் கதவைச் சாத்தினான்.

“தங்கச்சியின்ர கல்யாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது” என்றான். “அம்மாவுக்கும் தெரியக்கூடாது. ப்ராமிஸ் பண்ணும்.”

அவன் பயந்ததில் பிழை இல்லை. தங்கை தனுஷிகாவுக்கு முதல் வந்த சம்பந்தம், தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம், இருதய நோய் என்று கேள்விப்பட்டே கழன்று போனது. தமையனுக்கு மூளையில் வருத்தம் என்றால், அடிபட்டு வந்ததா பரம்பரையா என்று எவன் நின்று விசாரிக்கப் போகிறான்? நிலக்சி சத்தியம் பண்ணிக்கொடுத்தாள்.

ஆனால் கல்யாண வீட்டுக்கு வருகிற நம்முடைய சனத்தை என்ன செய்வது? வந்தோமா, பெயரைச் சொன்னோமா என்று இருக்கிறார்களா? கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “என்னை ஆரெண்டு தெரியுதோ? சொல்லும் பாப்பம்!” என்று பரீட்சை வைக்காவிட்டால் அவர்களுக்குச் சோறு செமிக்காது. மாமாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டுவிட்டால் அந்தக் கதை மூன்று கல்யாணத்துக்கு ஓடும்.

வழி கண்டுபிடித்தவன் கஜீவன்தான். “நான் உள்ளுக்கு நிக்கிறன். நீர் சைட்லைன்ல நில்லும். பத்தடி தள்ளி, ஒரே இடத்தில. அசையக்கூடாது.” குசினி மேசையில் கல்யாண அல்பங்களை விரித்து வைத்துக்கொண்டு அவளுக்குப் பழக்கினான். வலது காதைத் தொட்டால் தகப்பன் பக்கம், இடது காது தாய் பக்கம், கழுத்து என்றால் சென் ஜேம்ஸ் ரவுண் காலத்து ஆட்கள். கொண்டையைத் தொட்டால் அந்த வீட்டில் செத்தவீடு நடந்திருக்கிறது, சுகம் கேட்காதே. நெஞ்சில் கை வைத்தால் முக்கியமான ஆளில்லை, சிரித்தால் போதும். இடையில் சும்மாவும் எதையாவது தொட வேண்டும். வளையலைக் குலுக்கிவிட்டுத் தொடுவதுதான் மெய். அவள் பிழைவிட்டபோது கோச் மாதிரி அதட்டினான், சரியாகச் செய்தபோது கைதட்டினான். கனகாலத்துக்குப் பிறகு அவன் மனம்விட்டுச் சிரித்தது அந்தப் பின்னேரங்களில்தான்.

“உமக்கு என்ன சைன்?” என்று ஒருநாள் கேட்டான்.

“விசர்க் கதை கதையாதேங்கோ” என்று சீறிவிட்டு அவள் எழும்பிப் போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்றைக்கு எல்லாம் அச்சொட்டாக நடந்தது. மரியரட்ணம் அங்கிள், முந்தி பக்கத்துக் கதவில் இருந்தவர், வந்ததும் கஜீவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னை ஆரெண்டு சொல்லும் பாப்பம்?”

கஜீவனின் கண் தூணடிக்கு வந்தது. வளையல் குலுங்கியது. கை கழுத்துக்குப் போனது.

“என்ன அங்கிள் இப்பிடிக் கேட்டிட்டீங்கள்! சென் ஜேம்ஸ் ரவுணில உங்கட வீட்டுச் சோறு திண்டு வளந்தனான், மறப்பனே?”

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அந்தப் பெரிய எறியைப் பற்றிக் கேட்டார். கஜீவன் நேரில் கண்டதுபோல விலாவாரியாகச் சொன்னான். கண்டதுதான், வீடியோவில்.

மேளம் முழங்க மாப்பிள்ளை ஜெனோசன் வாசலுக்கு வந்தான். பெண்ணின் சகோதரன்தான் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவன் போடுகிற மோதிரத்தை வாங்கிக்கொண்டு, ஆராத்தி எடுத்து முடிந்ததும் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். கஜீவன் தலைப்பாகையோடு செம்பை ஏந்தி நின்றபோது ராசா மாதிரி இருந்தான். நிலக்சிக்கே கண்படும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமியார் தவமணி ஓடிவந்தாள். “பிள்ளை, கெதியா வாரும்! ஆராத்திக்குச் சொல்லி வைச்ச பிரதீபா ஹைவேயில மாட்டுப்பட்டுப் போனாள். ஒரு ஆள் குறையுது.”

“மாமி, வேற ஆரையும்...”

“நல்ல கதை! மருமகள் நிக்கேக்க வேற ஆரைக் கூப்பிடுறது? சனம் என்ன கதைக்கும்?”

நிலக்சி தூணைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். பத்தடி தள்ளி நின்று காட்டுகிறவள் ஒரு முழத்தில் நின்றால் அவனுக்கு இன்னும் தைரியம்தானே என்று எண்ணினாள். அந்த எண்ணம்தான் அவளை ஏமாற்றியது.

கால் கழுவியாயிற்று. மோதிரமும் போட்டாயிற்று. நிலக்சியும் இன்னொரு பெண்ணும் ஆராத்தித் தட்டைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினார்கள். நிலக்சி மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தாள். தோழனுக்கு வைக்கக் கையை நீட்டினாள். கஜீவன் நெற்றியைக் கொடுத்தான். அவளுடைய முகத்தை நேருக்கு நேரே பார்த்துப் பண்பாகச் சிரித்தான்.

“தாங்ஸ் அக்கா” என்றான்.

 பகிடிக்குச் சீண்டுகிறானோ என்று நிலக்சி ஒரு கணம் நினைத்தாள். பகிடி இல்லை. அவனுடைய கண்கள் அவளுடைய தோளுக்கு மேலால் தாவித் தூணடிக்குப் போயின. இந்தப் பெண் யாரென்று கேட்பதற்கு நிலக்சியைத் தேடினான். தூணடியில் யாரும் இல்லை. அவனுடைய முகம் வெளிறியது. தூணடியில் நிற்பவளை அவனுக்குத் தெரியும். முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு நிற்பவளைத் தெரியவில்லை. ஐயோ, என்ர கடவுளே!

மேளகாரர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். தோழன் கையைக் கொடுப்பான் என்று மாப்பிள்ளை காத்து நின்றான். கஜீவன் நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருத்தி மற்றவளின் காதுக்குள் ஏதோ கேட்டாள். வீடியோக்காரனும் கமராவை இறக்கிவிட்டுப் பார்த்தான்.

நிலக்சி ஆராத்தித் தட்டை மற்றப் பெண்ணின் கையில் விட்டாள். ஓடவில்லை. ஓடினால் சனம் பார்க்கும். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், தூணடியில் தன்னுடைய இடத்தில் திரும்பி நின்றாள்.

அவன் கண்டுவிட்டான். போன உயிர் வந்ததுபோல அவனுடைய முகம் மலர்ந்தது. அப்படியொரு மலர்ச்சியைக் கல்யாணம் கட்டின நாளில்கூட அவள் கண்டதில்லை. பிறகு புருவத்தை உயர்த்தி, பொட்டு வைத்தவள் நின்ற இடத்தைக் கண்ணால் காட்டினான். ஆர் அது?

காது இல்லை, கழுத்து இல்லை, கொண்டை இல்லை. அவளுக்கென்று ஒன்றும் வைக்கவில்லை. வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. மணப்பெண் அறைக்குள்ளே தனுஷிகா கூறைச் சேலைக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கையைத் தூக்கி வளையலைக் குலுக்கினாள். நெஞ்சில் வைத்தாள்.

கஜீவன் தலையாட்டினான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறையை நோக்கி நடந்தான்.

தவமணி பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள். “பாரும் பிள்ளை, என்ர பொடியன் எவ்வளவு வடிவா நடந்து போறான்.”

“ஓம் மாமி” என்றாள் நிலக்சி. கையை நெஞ்சிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.