அப்பாவின் சின்ன வீடு

அம்மாவின் அழைப்பு வந்தபோது கஜந்தி கார் நிறுத்துமிடத்துப் பனியைச் சவளால் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிப் போனைக் காதில் வைத்தாள். முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு அம்மாவின் மூச்சு.

"மகள், அப்பாக்கு ஏலாமக் கிடக்கு."

"என்ன செய்யுது?"

"நெஞ்சு அடைக்குதெண்டார். வேர்த்துக் கொட்டுது. ஆர்வி வண்டிக்குள்ள கட்டில்ல படுத்திருக்கார். உள்ள போன் எடுபடுதில்ல. நான் வெளிய ஒரு கல்லுக்கு மேல ஏறி நிண்டு கதைக்கிறன்."

கஜந்தி சவளை அப்படியே போட்டுவிட்டுச் சப்பாத்தோடு வீட்டுக்குள் ஓடினாள்.

அப்பா சிவானந்தமும் அம்மா கமலாவதியும் கலிபோர்னியாப் பாலைவனத்துக்குப் போய் இரண்டாவது கிழமை. அங்கே நிலத்துக்கு அடியிலிருந்து வெந்நீர் வருகிற ஒரு சிறிய நகரம் இருக்கிறது என்று அப்பா யாரோ போட்ட வீடியோவில் பார்த்திருந்தார். மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலையிலேயே அவருடைய காலம் போயிருந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. "திருகோணமலை ஆளுக்கு வெந்நீர் ஊத்துப் புதுசா?" என்று அம்மா கேட்டாள். "கன்னியாவில வாளியால அள்ளி ஊத்திற்று வாறது. இது கழுத்து மட்டும் இறங்கி இருக்கிறது" என்றார் அப்பா.

அண்ணன் கஜரூபனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அப்பாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இன்னும் அதிக காலமாகவில்லை என்று மறித்தான். "டொக்டரே போகலாமெண்டிட்டார், நீங்க ஏன் மறிக்கிறீங்க?" என்று கேட்டு, இணையத்தில் தேடி, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ள ஆர்வி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தவள் கஜந்திதான். அப்பா கோயிலில் கண்டவர்களிடமெல்லாம், "இந்த வயசில ஒரு சின்ன வீடு வச்சிருக்கன்" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா ஒவ்வொரு தடவையும் முழங்கையால் இடித்தாள்.

போன நாளிலிருந்து படங்கள் வந்தபடி இருந்தன. ஆவி பறக்கிற தொட்டியில் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு அப்பா. காய்ந்த மலைகளுக்கு நடுவே ஒரு பிளவில் மட்டும் அடர்ந்து நின்ற பனை மரங்கள். அந்த ஊரில் சின்ன விடுதிக்குக்கூடச் சொந்தமாக ஒரு ஊற்று இருக்கிறதாம். நெருப்பில் வாட்டி எடுத்தது போன்ற பாறைகள் நிறைந்த தேசியப் பூங்காவுக்கு இரண்டு தடவை போய்விட்டார்கள். அங்கே கிளைகளை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற விநோதமான மரங்களைப் பார்த்துவிட்டு அம்மா, "ஆமி செக்பொயின்ரில கையத் தூக்கிக்கொண்டு நிக்கிற ஆக்கள் மாதிரிக் கிடக்கு" என்றாள். அப்பா அதற்கும் சிரித்தார். கஜந்தி மட்டும் தினமும் மாத்திரை போட்டீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, தொட்டிக்குள் அதிக நேரம் இருக்கவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பி வைத்த பயணம் அல்லவா. நேற்றுக் கதைக்கும்போது, ஒரு இரவு கரண்ட் கிரண்ட் ஒன்றும் இல்லாத வெறும் மணலில் நிறுத்தி, நட்சத்திரம் பார்க்கப் போவதாக அப்பா சொன்னார்.

"911க்கு அடிச்சீங்களா?" என்று வீட்டுக்குள் வந்ததும் அம்மாவிடம் கேட்டாள்.

"அடிச்சன் புள்ள. எங்க நிக்கிறீங்க எண்டு கேக்கிறாங்க. மணல் எண்டன். கல்லு எண்டன். வேற என்னத்தச் சொல்ல? மறுகா லைன் அறுந்திட்டுது."

கஜந்தி வீட்டுப் போனை எடுத்து 911 ஐ அழுத்தினாள். "போன்ஜூர்" என்று ஒரு பெண் குரல் பிரெஞ்சில் வணக்கம் சொன்னபிறகுதான் அது மொன்றியலுக்குப் போகிற எண் என்று உறைத்தது. அந்தப் பெண் பதறாமல் கேட்டு, தேடி, அந்தப் பகுதி அவசர உதவிக்கான நேரடி எண்ணைக் கொடுத்தாள். எழுதுவதற்குப் பேனா கிடைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் தன் பிள்ளை ஒட்டி வைத்திருந்த படத்தின் மேலேயே மெழுகு வண்ணக் குச்சியால் எழுதினாள். அந்த எண்ணுக்கு அடித்து, நேற்றிரவு அப்பா குடும்பக் குழுவில் போட்ட இட அடையாளத்தைத் திறந்து, அதிலிருந்த இலக்கங்களை ஆங்கிலத்தில் வாசித்தாள். நாக்கு தடுக்கியது. மறுமுனையில் இருந்தவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னாள். அம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது, ஆனால் தூரம், மணல் பாதையில் வண்டியைக் கண்டுபிடிக்க நேரமாகலாம், யாராவது உடன் இருந்தால் நல்லது என்றார்.

மற்றப் போனில் அம்மா இன்னும் கல்லின் மேல்தான் நின்றாள்.

"அம்மா, வருது. வெளிக்கிட்டுட்டாங்க. பக்கத்தில ஆரும் இருக்காங்களா?"

"ஆரும் இல்ல. அங்கால தூரத்தில ஒரு பெரிய ஆர்வி நிக்குது. நம்மட மாகாணத்து நம்பர் பிளேட். வெள்ளையில நீல எழுத்து. நேத்து அப்பா கை காட்டினவர்."

"கியூபெக் ஆக்களா? போய்க் கூப்பிடுங்க."

"இவரத் தனிய விட்டிட்டோ?"

"அப்ப அதில நிண்டே கத்துங்க. பிரெஞ்சில கத்துங்க."

அம்மா கனடாவுக்கு வந்த புதிதில் அரசாங்க வகுப்பில் கொஞ்சக் காலம் பிரெஞ்சு படித்தவள். கடையில் சில்லறை வாங்குவதற்கும் பஸ்ஸில் இடம் கேட்பதற்கும் மேல் அது வளரவில்லை. போனில் ஒரு கணம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு அம்மாவின் குரல், கஜந்தி தன் வாழ்நாளில் கேட்டிராத உயரத்தில், கிழிந்து வந்தது.

"போன்ஜூர்! மிசியே! போன்ஜூர்! போன்ஜூர்!"

வணக்கம், ஐயா, வணக்கம் என்று திரும்பத் திரும்ப அதையே கத்தினாள். கஜந்தி சமையலறை மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கதவத் திறக்கிறார்," என்றாள் அம்மா. "வாறார் மகள். ஓடி வாறார். பின்னால ஒரு பொம்பிளையும் வாறா."

"நல்லது. நல்லது அம்மா."

"நான் இப்ப என்ன செய்ய? உள்ள போய்ப் பாத்திற்று வந்து உனக்குச் சொல்லட்டா? இதில நிக்கட்டா?"

சொல்லுங்கள், ஒவ்வொரு நிமிடமும் ஏறி வந்து சொல்லுங்கள் என்றுதான் கஜந்திக்கு வாய்வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"இனி ஏற வேணாம். அப்பாட்டப் போங்க. அவரோடயே இருங்க."

"அப்ப உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரிய வேணாம் அம்மா. நீங்க போங்க."

இணைப்பு அறுந்தது.

அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, "நீதானே அனுப்பினாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

கஜந்தி போனைச் சார்ஜில் போட்டாள். அதில் சார்ஜ் நிறையவே இருந்தது. கழுவி வைத்த கோப்பைகளை எடுத்துத் திரும்பக் கழுவினாள். அந்தப் பகுதி எண்ணுக்கு மறுபடியும் அடித்தாள். வண்டி போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். அப்பாவின் போனுக்கு அடித்தாள். மணி அடிக்காமல், ஆள் தொடர்பில் இல்லை என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அந்தக் குரல் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு இன்னொரு தடவை அடித்துக் கேட்டாள்.

கஜரூபன் வந்து வாசலில் நின்றான். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். அவள் தேத்தண்ணீர் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

தெரியாத எண் ஒன்று அழைத்தது. ஒரு வயதான ஆணின் குரல், பிரெஞ்சில். தன் பெயர் றெனோல்ட் என்றார். கியூபெக்கின் சாகெனேயிலிருந்து மனைவியோடு குளிர்காலத்துக்கு வந்தவராம்; அம்மா கத்திக் கூப்பிட்டது அவரைத்தானாம். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறாராம். அம்மாவோடு தன் மனைவி இருக்கிறாள் என்றார். பிறகு, மன்னிக்க வேண்டும் மகளே, என்றார். அம்புலன்ஸ் வந்தபோதே முடிந்திருந்தது என்றும், வந்தவர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார்கள் என்றும் சொன்னார்.

கஜந்தி "மெர்சி", நன்றி, என்றாள். அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. வேறு வார்த்தை வரவில்லை.

கஜரூபன் அவள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. சப்பாத்து வைக்கிற தட்டுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுடைய சப்பாத்திலிருந்து பனி உருகித் தரையில் பரவியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து எதையோ அழுத்தத் தொடங்கினான்.

"நாளைக்குக் காலமை ஒரு பிளைட் இருக்கு," என்றான் கொஞ்சம் கழித்து. "ரெண்டு பேருக்கும் போடுறன்."

"ஓம்."

"அம்மா இண்டைக்கு எங்க நிப்பா?"

அதைக் கேட்பதற்காக அவள் அந்த எண்ணுக்கு மறுபடி மறுபடி எடுத்தாள். வெளியே நன்றாக இருட்டிய பிறகுதான் பதில் வந்தது. றெனோல்ட் எடுத்தார். ஆஸ்பத்திரி வேலைகள் இன்றைக்கு முடிந்துவிட்டன, அம்மா தங்களோடுதான் இருக்கிறாள், ஊரிலுள்ள ஒரு தரிப்பிடத்துக்குத் தங்கள் வண்டியைக் கொண்டு வந்துவிட்டோம், இங்கேயே படுக்கலாம் என்றார். அப்பாவின் ஆர்வியை நாளைக்குத் தானே போய் ஓட்டி வருவதாகவும் சொன்னார்.

பிறகு தயங்கினார். ஒன்று கேட்கலாமா என்றார்.

"நான் உன் அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார். முழு நேரமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அழவில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை. எனக்கு அது மனதில் நின்றுவிட்டது." அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிச் சொன்னார். "இஞ்ச... தா... இருக்கன்."

கஜந்தி சுவரில் சாய்ந்தாள்.

"இஞ்சதான் இருக்கன்," என்று திருத்தினாள்.

"ஆமாம். அதுதான். அதற்கு என்ன அர்த்தம்?"

அவள் பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பக்கம் எங்கேயோ தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், களைத்து, ஆனால் வழமைபோல:

"மகளா? கோப்பி போடப் போறாங்க போல. எனக்குச் சீனி வேணாமெண்டு சொல்லு. என்னண்டு சொல்றதெண்டு தெரியாமக் கிடக்கு."

கஜந்தி றெனோல்டிடம் சொன்னாள்.

"சீனி இல்லாமல்," என்று அவர் தன் மனைவியிடம் சொன்னார். யாரோ ஒரு கோப்பையை மேசையில் வைத்தார்கள். அவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.