மூன்று குல்

பாத்து என்கிற என் வீட்டுக்காரி ஓதி ஊதாத பிள்ளை எங்கள் மணக்காட்டுச் சந்தில் கிடையாது. பால் குடிக்காத பிள்ளை, தூக்கத்தில் வீறிடும் பிள்ளை, கல்யாண வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து சோறு இறங்காத பிள்ளை என்று தூக்கிக்கொண்டு, சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் தாய்மார் வாசலில் வந்து நிற்பார்கள். கண்ணேறு கழிய, குர்ஆனின் கடைசியில் 'குல்' என்று தொடங்கும் மூன்று சூராக்களையும் ஓதி, பிள்ளையின் உச்சியில் மெல்ல ஊதுவாள். யாராவது காசு நீட்டினால் அவளுக்குக் கோபம் வரும். "ஓதுறதுதான் நான், காக்குறது அல்லா" என்பாள்.

நானோ ஹோட்டலில் பரோட்டாக் கல்லின் முன்னால் வெந்து வருகிறவன். வந்தால் கால் நீட்ட இடமிருக்காது. "இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று கத்துவேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். படுக்கும்போதும் விடமாட்டாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஓதி, ஊதி, தன் முகத்திலும் உடம்பிலும் தடவிக்கொண்டு, அதே கையால் என் முகத்தையும் தடவுவாள். "உறங்குத மனுசனை ஏன் எழுப்புத?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அவள் தொண்டையில்தான் கட்டி வந்தது. தைராய்டு, ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் குரல் போகவும் வாய்ப்புண்டு என்று டாக்டரம்மா சொன்னார். எதிர்வீட்டு ரஹ்மத்து என்னிடம், "பீர்கண்ணு காக்கா, பாத்து இத்தாக்க குரலுக்குத்தான் கண்ணு பட்டுருக்கு" என்றாள். இருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் ஊதினவளுக்கு ஊத ஒரு ஆள் இல்லையே என்பதுதான் என் எரிச்சல்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாத்துதான் வாயைத் திறக்கவில்லை.

"சம்சாரிக்கணும் கேட்டோ. பேசினாத்தானே குரல் எப்படி இருக்குன்னு தெரியும்?" என்று டாக்டரம்மா தினமும் வந்து மலையாளம் கலந்து கெஞ்சினார். பாத்து தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். எனக்குக் காரணம் தெரியும். பேசாதவரைக்கும் குரல் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். வாயைத் திறந்து வெறும் காற்று வந்துவிட்டால்? அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவள் கட்டிலிலும் நான் ஸ்டூலிலும் உட்கார்ந்திருந்தோம். அலுப்பு எலும்புவரைக்கும் இறங்கியிருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் மஃரிப் பாங்கு தூரத்தில் கேட்டது. பாத்து உள்ளங்கைகளைச் சேர்த்து முகத்துக்கு நேரே ஏந்தினாள். உதடு அசையவில்லை. வெறுங்கையை மடியில் இறக்கினாள்.

மதரஸாவில் படித்ததெல்லாம் மறந்தாயிற்று. ஒன்று மட்டும் நினைவிருந்தது. நபிகள் கடைசி நோயில் தளர்ந்து கிடந்தபோது, மனைவி ஆயிஷா நாயகி தானே ஓதி, நபியின் கையையே எடுத்து நபியின் உடம்பில் தடவினாராம். அந்தக் கையின் அருளுக்காக, பரக்கத்துக்காக.

பாத்துவின் கைகளை எடுத்து என் வாயருகே வைத்துக்கொண்டு ஓத ஆரம்பித்தேன். முதல் குல் சரியாகப் போயிற்று. இரண்டாவது குல்லின் பாதியில் மூன்றாவதுக்குள் போய்விட்டேன். அங்கேயிருந்து திரும்ப இரண்டாவதுக்கு வந்தேன். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் வழி தவறினவன் சுற்றிச்சுற்றி அதே கடைமுன் வந்து நிற்பதுபோல ஆகிவிட்டது. வெட்கம் பிடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவள் நெற்றி சுருங்கியது. கையை என் பிடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"தப்பு."

துருப்பிடித்த கேட்டைத் திறந்த மாதிரி ஒரு சத்தம்.

"எல்லாம் தப்பு. முதல்ல இருந்து ஓதுங்க."

"பாத்து, குரல் வந்துட்டு பாரு!"

"வந்தது கெடக்கட்டும். ஒங்க ஓத்தைக் கேட்டுட்டு எப்பிடிச் சும்மா இருக்கது?" என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. தொண்டையில் சுற்றியிருந்த துணிக்கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு பேருமே அழுதோம்.

அப்புறம் அவளே ஓதினாள். ஒவ்வொரு சொல்லும் கரகரத்து உடைந்து வந்தது. மூன்றையும் முடித்து உள்ளங்கையில் ஊதி, தனக்குத் தடவிக்கொள்ளாமல் என் பக்கம் நீட்டினாள்.

"இப்ப உறங்கலியே?" என்றாள்.

கையில் மருந்து வாடை அடித்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை.