பன்னிரண்டு வோல்ட் மரியாதை

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் என்பதால் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு பழைய கேரவன் வண்டியை வாங்கினார். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குளியலறை. எல்லாவற்றையும்விட அவருக்குச் செல்லம், சோபாவுக்கு அடியில் இருந்த இரண்டு பேட்டரிகள்தான். வண்டியைக் கிளப்ப முன்னால் தனி பேட்டரி உண்டு. இவை இரண்டும் வீட்டுக்கு. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் வழியாகப் பிளக் பாயிண்ட் எல்லாம் இவற்றின் தயவில்தான் ஓடின. கூரையிலிருந்த சோலார் பலகை பகலெல்லாம் இவற்றை நிரப்பும்.

மாதம் தவறாமல் மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வாஸ்லின் தடவிவிடுவார்.

"எனக்குக் கால் வலின்னா வீட்டுல தைலம் எங்க இருக்குன்னு தெரியாது. இதுக்கு மட்டும் மாசாமாசம் வைத்தியம்" என்பாள் மனைவி.

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துச் சம்பந்திகளை நான்கு நாள் ஏரிக்கரைக்கு அழைத்துப் போவதென்று முடிவானது. கிளம்பும் முன்பே மனைவி அவரைத் தனியாக இழுத்து வைத்துச் சொல்லிவிட்டாள்.

"போற இடத்துல லைட்டை அணைங்க, ஃபேனை அணைங்கன்னு ஆரம்பிச்சீங்க, அவ்வளவுதான். பொண்ணு அங்க வாழணும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார் லிஃப்ட்காரர்.

சம்பந்தி பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். காபி, டீ எதையும் தொடமாட்டார், நாள் முழுக்க வெந்நீர்தான். வந்து இறங்கியதும் பையிலிருந்து ஓர் எலக்ட்ரிக் கெட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். லிஃப்ட்காரர் சோபாவுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் மின் இணைப்பு கிடையாது. சம்பந்திகளுக்கு வெயில் படக்கூடாதே என்று அவரே வண்டியை ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தியிருந்தார். கூரையில் இருந்த பலகையும் நிழலில் சுகமாகத் தூங்கியது. கீழே கெட்டில் கொதிக்கும்போதெல்லாம் சுவரிலிருந்த மீட்டர் முள் மயக்கம் போட்டவன் போலச் சாய்ந்தது.

நேராகச் சொல்ல வழியில்லை. சுற்றி வளைத்துப் பார்த்தார்.

"வெந்நீர் ஜாஸ்தி குடிச்சா உடம்புக்குச் சூடுன்னு சொல்றாங்களே, சம்பந்தியம்மா?"

"யார் சொன்னது?" என்று ஆரம்பித்தவர், வெந்நீரின் நன்மைகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். முடிவில் லிஃப்ட்காரருக்கும் ஒரு டம்ளர் கொதிக்க வைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் மீட்டருக்கு முன்னால் நின்று, சம்பந்தி காதில் விழுகிற மாதிரி, "பேட்டரி கொஞ்சம் களைச்சுப் போச்சு" என்றார்.

"பாவம், அதுக்கும் வயசாச்சோ என்னவோ" என்று சம்பந்தி மனதாரப் பரிதாபப்பட்டார்.

மறுநாள் காலை மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஒன்று வோல்ட் காட்டியது. சார்ஜ் பாதிக்கும் கீழே. இப்படியே போனால் பேட்டரியின் ஆயுசே குறைந்துவிடும். லிஃப்ட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி மட்டும் கண்ணாலேயே அவர் வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

மதியம் சம்பந்தி குளிக்கப் போனார். சம்பந்தியம்மா கெட்டிலைப் போட்டார். பட்டென்று எல்லாம் நின்றது. மேலும் இறங்கவிடாமல் பேட்டரியைக் காக்கிற பெட்டி தானாகவே இணைப்பை வெட்டிவிட்டிருந்தது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. குளியலறைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"சம்பந்தி... தண்ணி பாதி வாக்கியத்துல நின்னு போச்சு. கண்ணுல சோப்பு."

லிஃப்ட்காரருக்குள் இரண்டு நாளாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. "அந்தக் கெட்டில்தாங்க! ஒரு தடவை கொதிச்சா இந்த விளக்கெல்லாம் ராத்திரி பூரா எரியற கரண்ட்டைக் குடிச்சிடும்!"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா கெட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் அண்ணா, இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன? உங்க கேஸ் சிலிண்டரைத் தீர்த்துடக் கூடாதேன்னுதானே நான் வீட்டுலேர்ந்து இதைத் தூக்கிட்டு வந்தேன்! நோயாளி இழுத்துக்கிட்டுக் கிடக்கான், கூட இருக்கறவங்ககிட்ட மூச்சு விடலையே நீங்க!"

"கேஸ் ரெண்டு மாசத்துக்கு இருக்கும்மா" என்றார் லிஃப்ட்காரர் பரிதாபமாக.

"அதையும் சொல்லல. அப்புறம் இந்த மரத்தடி எதுக்கு? எங்களுக்கு வெயில் காயணும்னு ஆசை, கேட்டா தப்பா நினைப்பீங்களோன்னு பேசாம உட்கார்ந்திருக்கோம்."

உள்ளேயிருந்து, "எல்லாரும் பேசி முடிச்சாச்சுன்னா..." என்று குரல் கேட்டது.

லிஃப்ட்காரர் ஓட்டுநர் இருக்கைக்குப் பாய்ந்தார். முன்பக்கத்து பேட்டரியில் தெம்பு இருந்தது, எஞ்சின் ஒரே உறுமலில் கிளம்பியது. "எதையாவது பிடிச்சுக்குங்க சம்பந்தி!" என்று கத்திவிட்டு, ஆமை வேகத்தில் வண்டியை முப்பது அடி நகர்த்தி நட்ட வெயிலில் நிறுத்தினார். எஞ்சின் ஓட ஓட மீட்டர் ஏறியது, பெட்டி டக்கென்று இணைப்பைக் கொடுத்தது, பம்ப் இருமிக்கொண்டே தண்ணீரைத் தள்ளியது. கண் சிவக்க வெளியே வந்த சம்பந்தி, "சுபம்" என்றார். நால்வரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து வெந்நீர் கேஸில் கொதித்தது. பேட்டரி சம்பந்தியம்மாவின் பொறுப்புக்குப் போனது. காலை, மதியம், மாலை என்று கட்டம் போட்டு, வோல்ட் எழுதும் தாளைக் கதவில் ஒட்டினார். லிஃப்ட்காரர் மத்தியானத் தூக்கத்துக்கு ஃபேன் போடப் போனால், "அண்ணா, இப்போதான் தேறி வருது. ஜன்னலைத் திறந்துக்குங்க" என்று தடுத்தார். சொந்த வண்டியில் வாய் திறக்க முடியாமல் அவர் வியர்த்து வழிந்தார். மனைவிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பரம திருப்தி.

கிளம்பும் நாள் காலை, வெயில் வரும் முன்பே சம்பந்தியம்மா மீட்டரைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "பன்னிரண்டு புள்ளி ஏழு! டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்!"

பல் தேய்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் வாயெல்லாம் நுரையோடு ஓடி வந்தார். "ஐயோ, வேண்டாம்மா! இப்போதான் ஃபுல்லாச்சு!"

"உடம்பு சரியாச்சு, வீட்டுக்குப் போகலாம்னு சொன்னேன் அண்ணா" என்றார் சம்பந்தியம்மா. "எங்க ஆஸ்பத்திரியில அதுக்குப் பேர் அதுதான்."